அறுநூற்று இருபத்து நாலு கிலோமீட்டர் கூடுதல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தம்பி, இரண்டு தெரு தள்ளி வீடு இருந்தும் இங்கேயே குடியிருக்கும் உன் அத்தை, எல்லோரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை, ஆனால் இப்போதைக்கு நான் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தவுடன் நான் வாயைத் திறப்பதற்குள் நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மா என்று வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுக்கிற பிள்ளை மாதிரி சொல்லிவிடுகிறாய். கேட்காத கேள்விக்கு அவ்வளவு அவசரமாகப் பதில் சொல்கிறவளிடம் என்னத்தைக் கேட்பது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அம்மா திடீரென்று பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் பாதியில் இன்னொரு கால் வருதும்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்துக்கு இன்னொரு கால் வராது. எழுதி முடித்ததும் உன் தம்பியை விட்டுப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். படம் பிடிக்கிறேன் என்று படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பான், அவனுக்கு அப்படியே அத்தை புத்தி. ஒழுங்காகத் தபாலில் போடாமல் இது என்ன புது வழக்கம் என்று கேட்பாய், பொறு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் சொல்வதில்லை என்று குறைப்படுவாய். எங்கள் மருந்துக்கடை முதலாளி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார், மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அதுவே சொல்லுமாம். அது யோசித்து முடிப்பதற்குள் நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, வந்தவர் அதை விழுங்கி, வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். உன் தம்பிக்கு வேலையில் பதவி உயர்வு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு போகிறான், ஆனால் அவன் அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர உன் விமானத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறான். அத்தை புது போன் வாங்கி ஊரில் உள்ள எல்லோருக்கும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறாள், உனக்கும் வந்திருக்கும், பதில் போடாதே, போட்டால் இரண்டு அனுப்புவாள். அப்பா சௌக்கியம். அவருடைய சௌக்கியத்தைப் பற்றித்தான் கீழே நிறைய வருகிறது.

விஷயம் ஒன்றே ஒன்றுதான், நானும் அப்பாவும் உன்னைப் பார்க்க வர வேண்டும். ஏதோ புதிதாகச் சொல்வது போல் சொல்கிறேன், நீ அங்கே போனதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலில் குளிர் என்றாய், சரி என்று கம்பளிச் சட்டை வாங்கினேன், அது பீரோவுக்குள் பூச்சி உருண்டையோடு சொகுசாகக் குடித்தனம் நடத்துகிறது. பிறகு வேலை அதிகம் என்றாய். பிறகு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றாய், அரண்மனைக்குக்கூட அத்தனை மாதம் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுகிறேன், போனைக் கொடு என்றால் குளிக்கிறாரும்மா என்கிறாய். ஒரு மனுஷன் போன குளிர்காலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் நாங்கள் கூப்பிடுகிற நேரம் பார்த்துக் குளித்துக்கொண்டே இருந்தால் தோல் என்னத்துக்கு ஆகும், கடையில் நல்ல களிம்பு வந்திருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று நான் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். சாதாரணமாக அந்த இடத்தில் நீ என்னை ஒரு வாரு வாரியிருக்க வேண்டும்.

கடைசியாகப் போன மாதம் ஒரு ஆயுதம் எடுத்தாய், தூரம். உன்னால முடியாதும்மா, உன் முட்டிக்கு ஆகாது, ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட்டே பதினோராயிரத்து நானூத்து இருபத்தேழு கிலோமீட்டர்ம்மா, எங்கயும் நிக்காம பறந்தாலே பதிமூணு மணி நேரத்துக்கு மேல ஆகும் என்று ஒப்பித்தாய். நான் என்ன இறக்கை கட்டிக்கொண்டா பறந்து வரப் போகிறேன், உட்கார்ந்துதானே வரப் போகிறேன். காலையிலிருந்து இரவு வரைக்கும் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே இருமல் மருந்து கொடுக்கிறவளுக்கு, உட்கார வைத்துச் சோறும் போட்டுப் படமும் காட்டுகிறேன் என்றால் அது தண்டனையா. இதை உன்னிடம் சொல்வதற்குள் உனக்கு இன்னொரு கால் வந்துவிட்டது.

அந்த எண்ணை அப்படியே கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னேன், வினை அங்கேதான் ஆரம்பித்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளந்த சர்வேயர், ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் கிடைக்காமல் நான் சாதத்துக்கு ஊற்றுகிற தண்ணீரை அளந்துகொண்டிருந்தவர், அவர் கையில் ஒரு எண் கிடைத்தால் விடுவாரா. முகத்தில் அப்படி ஒரு பெருமை. பாத்தியா, கடைசி இருபத்தேழு வரைக்கும் சொல்றா பாரு, வேற யார் வீட்டுப் புள்ளையா இருந்தாலும் பதினோராயிரம்னு சொல்லிட்டுப் போயிருக்கும் என்றார். நாங்கள் வர வேண்டாம் என்று நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லை, இருபத்தேழு மட்டும் விழுந்தது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இந்த வீட்டில் சுமார் என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. பஸ் எங்கே வருகிறது என்று கேட்டால் பக்கத்தில் என்று சொல்லக் கூடாது, நாலாவது கம்பத்தில் என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் எவ்வளவு என்றதற்குக் கொஞ்சம் என்று சொல்லி, காய்ச்சலோடு திட்டும் வாங்கியவன் உன் தம்பி. பக்கத்து வீட்டுச் சுவர் நம் நிலத்தில் கட்டைவிரல் அகலம் ஏறிவிட்டது என்று அப்பா சண்டைக்குப் போனாரே, அளந்து பார்த்தால் நம் சுவர்தான் அவர்கள் பக்கம் இரண்டு விரல் ஏறியிருந்தது, யாரும் கேட்காமலே நம் சுவரை நாமே இடித்தோம். அந்த மழைக்காலம் முழுக்கத் தெருநாய்கள் எல்லாம் நம் வீட்டைச் சொந்தம் கொண்டாடின, அப்பா மட்டும் கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினார். நீயும் அதே வார்ப்புதான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வேண்டும் என்று தலைவலி நாடகம் ஆடியபோதுகூட, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வலது புருவத்துக்கு மேல ரெண்டு விரல் தள்ளி என்றவள் நீ.

தூரந்தானே உன் பிரச்சினை, உட்கார்ந்து காட்டுகிறேன் என்று நானும் கச்சை கட்டினேன். கடைக்கு லீவு நாளாகப் பார்த்து ஹாலில் சாப்பாட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசையாகப் போட்டோம். விமானத்தில் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவார்கள் என்று அப்பா எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து, டேப் வைத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். அந்த இடைவெளியில் என் முட்டி நுழைந்ததே பெரிய பாடு. இடுப்புக்குப் பெல்ட் வேண்டும் என்று அவருடைய பழைய தோல் பெல்ட்டை நாற்காலியோடு சேர்த்துச் சுற்றினார், அது எனக்கு எட்டவில்லை, அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா பைலட். உன் தம்பி தேநீர் கொடுக்கிறவன், இறங்குகிற இடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்துகிற அதிகாரியும் அவனே. விடிந்ததும் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்க வேண்டும், நடுவில் சமையலறைப் பக்கம் தலை வைக்கக் கூடாது என்று பேச்சு. சமையலறைக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்க உட்கார எனக்குக் கசக்குமா.

யாரும் கூப்பிடாமலே அத்தை வந்துவிட்டாள். தனியா எப்படி அண்ணி உக்காருவீங்க, பக்கத்துல ஒரு ஆள் இருந்தாத்தானே நெஜம் மாதிரி இருக்கும் என்றாள். நெஜம் மாதிரிதான் இருந்தது. ஜன்னல் பக்கம் தனக்கு வேண்டும் என்று என்னை எழுப்பி இடம் மாற்றினாள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் போக வேண்டும் என்று என் முட்டியைத் தாண்டிப் போனாள், வந்தாள், ஏதோ மறந்துவிட்டது போல மறுபடியும் போனாள், அப்புறம் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். பதிமூன்று மணி நேரம் விமானத்தில் போவது ஒரு காரியமே இல்லை, உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் காரியம், அதையும் தாங்கிக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள். முட்டி வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வலித்தபோது எழுந்து நடைபாதையில், அதாவது டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில், நாலு நடை நடந்தேன், சரியாகிவிட்டது.

பைலட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரில் உலகப் படத்தை மாட்டி, நம் ஏர்போர்ட்டில் ஒரு குண்டூசி, உன் ஊரில் ஒரு குண்டூசி குத்தி, நடுவில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தொண்டையைச் செருமி, பயணிகள் கவனத்துக்கு, இதுவரைக்கும் இத்தனை கிலோமீட்டர் வந்திருக்கோம் என்று அறிவித்து, காகித விமானம் ஒன்றை நூலின் மேல் நகர்த்துவார். அத்தை கண் விழித்து, ஏண்ணே, படத்துல நேராத்தானே கோடு இருக்கு, நெஜ விமானம் மட்டும் வளைஞ்சு போகும்ங்கறாங்களே, எதுக்கு என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், ஒரு ஆரஞ்சுப் பழம் வந்தது. பூமி உருண்டை, தட்டையான காகிதத்தில் நேராகத் தெரிவது உண்மையில் சுற்றுவழி, வளைவாகத் தெரிவதுதான் குறுக்குவழி என்று பழத்தின் மேல் பேனாவால் கோடு போட்டு வகுப்பெடுத்தார். வகுப்பு முடிந்து அவர் படத்துப் பக்கம் திரும்புவதற்குள் அத்தை உலகத்தை உரித்துப் பாதி தின்றுவிட்டாள்.

மிச்சப் பூமியை வைத்து விளக்க முடியாது என்று, விமானம் போகிற வழியைப் போனில் காட்டுவதாக உன் தம்பி சொன்னான். நெட்டில் ஏதோ ஒரு பக்கம் இருக்கிறதாம், இரண்டு ஏர்போர்ட்டின் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அதுவே சொல்லிவிடுமாம். நீயும் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாய். நம் ஏர்போர்ட்டையும் உன் ஊர் ஏர்போர்ட்டையும் போட்டான். பத்தாயிரத்து எண்ணூற்று மூன்று கிலோமீட்டர் என்று வந்தது. அதுவரைக்கும் அப்பா அதைத் தேடிப் பார்க்கவே இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். ஊரில் யார் என்ன அளவு சொன்னாலும் தானே ஒருமுறை அளந்தால்தான் தூக்கம் வரும் அவருக்கு, நீ சொன்னதை மட்டும் அளக்காமல் எடுத்துக்கொண்டார். தப்பாப் போட்டிருக்கே, மறுபடி போடு என்றார். அதே எண். வேறொரு பக்கத்தில் பார்த்தான், அங்கேயும் அதே. நீ அறுநூற்று இருபத்து நாலு கிலோமீட்டர் கூடுதலாகச் சொல்லியிருக்கிறாய்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அளந்த பரம்பரை கோட்டை விட்டுவிட்டது என்று கை தட்டினேன். உங்க பொண்ணு கணக்குப்படி போனா அவ ஊரையெல்லாம் தாண்டி யார் வீட்டு மொட்டை மாடியிலயோதான் இறங்கணும், பெட்ரோல் இருக்கா பைலட் சார் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொய் சொல்றது அந்தப் பக்கம், என் பொண்ணு தப்பா அளக்க மாட்டா என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். விமானம் சுற்றிப் போகிற தூரத்தைச் சொல்லியிருப்பாளோ என்றான் தம்பி. ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட்டுன்னு தெளிவாச் சொல்லியிருக்கா, உனக்குக் காது கேக்கலையா என்று அவனிடம் பாய்ந்தார். அப்பாவின் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் அவன் அந்த நாட்டில் இருக்கிற மற்ற ஏர்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தான். போட்டுக்கொண்டே வந்தவன் ஒன்றில் நின்றான். பதினோராயிரத்து நானூற்று இருபத்தேழு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஊர்ப் பெயரை வாசித்தான். நீ இதுவரை எங்களிடம் ஒருநாளும் வாயால் சொல்லாத ஊர்.

அத்தைகூட ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்தபடி மெல்லாமல் இருந்தாள். சுற்றுலா போயிருப்பா அண்ணி என்றாள், அவள் குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. நான் பெற்றவள், எனக்கு யாரும் பழம் வைத்து விளக்க வேண்டியதில்லை. நீ வீடு மாறிவிட்டாய், ஊரும் மாறிவிட்டாய், மாப்பிள்ளை குளிக்கிற வீட்டில் நீ இல்லை. எங்களை வரவிடாமல் செய்யத் தூரத்தைச் சொன்னாயே, பழைய ஊரின் தூரத்தைச் சொல்லியிருந்தால் போதுமே, அதுவும் தூரந்தானே, எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும். பொய் சொல்கிற எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். நீ உட்கார்ந்து, இப்போது இருக்கிற இடத்திலிருந்து ஒழுங்காகப் பார்த்து, இருபத்தேழு வரைக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறாய். சாமர்த்தியம் இல்லாதவள் எதற்கு இந்த வேலையில் இறங்குகிறாய், அத்தையிடம் நாலு நாள் பாடம் படித்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாய்.

அப்போது அப்பா ஒன்று சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, சுமாராச் சொல்லியிருப்பா, விடுங்க என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். தன் சுவரைத் தானே இடித்த மனுஷன், எங்கள் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, பயணிகள் எல்லாரும் பெல்ட் போட்டுக்கணும் என்று அறிவித்தார். நான் அடக்கிக்கொண்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன், அழுதேன். அத்தை தன் கைக்குட்டையைக் கொடுத்தாள், அது ஒரே ஆரஞ்சு வாசனை. எழுந்திரிங்க அண்ணி, போதும் இந்த விளையாட்டு என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன், வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இறங்குற எடம் வந்தாச்சு என்று அப்பா உன் பழைய ஊர்க் குண்டூசியைத் தொட்டபோது, இன்னும் அறுநூத்து இருபத்து நாலு இருக்கு, ஓட்டுங்க என்றேன். அவர் காகித விமானத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மிச்சத்துக்கும் சேர்த்து உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இறங்கினால் இஸ்திரி மேசைக்குப் பின்னால் உன் தம்பி அதிகாரியாக நிற்கிறான். பாவம், காலையிலேயே கேள்விகளை நெட்டுருப் போட்டு வைத்திருந்தான், என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கேட்டான். எதுக்கு வந்திருக்கீங்க என்றான், மகளைப் பார்க்க என்றேன். எங்க தங்கப் போறீங்க, விலாசம் சொல்லுங்க என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் நின்றேன். சொல்வதற்கு என்னிடம் விலாசம் இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததில் வராத வலி அப்போது வந்தது. முத்திரையைக் குத்துடா, பெத்தவ வந்து நிக்கிறா, விலாசம் கேக்குறான் பாரு விலாசம் என்று அத்தை பின்னாலிருந்து சத்தம் போட்டாள். அவளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் படி.

இதைத் தபாலில் போடாததற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும், உறையின் மேல் எதை எழுதுவது. எனக்குக் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, இல்லாதது போல நடிக்க நான் நீ இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறீர்களா இல்லையா என்பதற்காக இல்லை. தனியாகச் சாமான் கட்டி, தனியாக ஏற்றி இறக்கி, தெரியாத ஊரில் தனியாக ஒரு கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறாய், அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டதும் போனை எடுத்து முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடும்மா என்று சொல்லியிருக்கிறாய், அதற்குத்தான் கோபம். உன்னை வளர்த்ததில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, உன் கஷ்டத்தில் மட்டும் எங்களுக்குப் பங்கு கிடையாதா. நாங்கள் வந்தால் உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசுவோம் என்று பயமா. யார் பக்கம் எத்தனை விரல் தப்பு என்று அளக்க அப்பா சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார், சாமான் எடை கூடிவிடும் என்று நானே எடுத்து வைத்துவிடுவேன். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்க மாட்டேன். அத்தையைக் கூட்டி வரமாட்டேன், இது சத்தியம்.

மறுநாள் காலையில் ஹாலைப் பெருக்கும்போது பார்த்தேன், நாற்காலிகள் எல்லாம் இடத்துக்குப் போய்விட்டன, படம் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. உன் பழைய ஊரிலிருந்த குண்டூசியை அப்பா பிடுங்கி, அந்தப் புது ஊரில் குத்தி, நூலுக்கு ஒரு துண்டு ஒட்டுப் போட்டு நீட்டிக் கட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, நானும் பார்க்காதது போல் இருக்கிறேன். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நூல் தொய்யாமல் இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

முனைக்கடையில் டிக்கெட் போடுகிறவர் வாயு மாத்திரை வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஏர்போர்ட்டுக்கும்மா, ஊர் பேரெல்லாம்கூட வேண்டாம், ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூணு எழுத்து இருக்கு, அதை மட்டும் சொன்னாப் போதும், போட்டுடலாம் என்றார். எனக்கு அந்த மூன்று எழுத்து தெரியும், உன் தம்பி காட்டினான். அங்கேயே போட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா விடவில்லை. அவ சொல்லாம போடக் கூடாது, கூப்பிடாம அடுத்தவங்க எல்லைக்குள்ள கால் வைக்கிறது தப்பு, அது மக வீடா இருந்தாலும் என்கிறார். அதனால் டிக்கெட்காரரை இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கு வாயுவும் தீரவில்லை, எனக்கு டிக்கெட்டும் ஆகவில்லை. நீ ஒன்றும் விளக்க வேண்டாம், காரணம் எழுத வேண்டாம், மன்னிப்பு அது இது என்று பக்கம் பக்கமாக எழுதி என்னை அழவைக்க வேண்டாம். மூன்று எழுத்து அனுப்பு. இன்னும் பிடிவாதமாகப் பழைய ஊரின் எழுத்தை அனுப்பினாயோ, அங்கேயே போய் இறங்கி, மாப்பிள்ளை குளித்து முடிக்கிறவரைக்கும் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உட்காருவதற்கு நான் நன்றாகப் பழகிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, தனியாகத்தானே என்று ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு போடாதே, போட்டும் பயனில்லை, இதைக் கடையில் வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்கிறேன், பெற்ற பெண்ணுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்கும் முன் கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார். நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று எழுத்தை மறந்துவிடாதே. முதலில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பதிலைச் சொல்லாமல் உண்மையைச் சொல்லு கண்ணு, நலமா?

இப்படிக்கு,
பதினோராயிரத்து நானூற்று இருபத்தேழு கிலோமீட்டரும் உட்கார்ந்து பார்த்துவிட்ட
உன் அம்மா